தாத்ரஸுக்காக யாரும் ஜெபிக்கவில்லை

என் அக்கா புருஷன் பக்கூம் லிபியாவிலிருந்து உயிரோடு திரும்பி வந்த அன்று ஊரே வாய்க்கால் பாலத்தில் வந்து நின்றது. மின்யா ரயில் நிலையத்திலிருந்து என் ஆட்டோவில்தான் அவரைக் கூட்டிவந்தேன். எனக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை. முன்பற்கள் போயிருந்தன. சட்டை யாரோ பெரிய உடம்புக்காரன் கொடுத்தது போலிருந்தது. "மச்சான்" என்றேன். அவர் என்னைப் பார்த்து, "ஃபஹீம், கொஞ்சம் மெதுவா ஓட்டு, விலா வலிக்குது" என்றார். 

பாலத்தில் பெண்கள் குலவையிட்டார்கள். ஆண்கள் அவரைத் தோளில் தூக்கி, வீட்டுக்குக்கூட விடாமல் நேரே கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே பீடத்துத் திரைக்குப் பக்கத்தில், பழைய புனிதர்களின் வரிசைக் கடைசியில், புதுப் படம் ஒன்று மாட்டியிருந்தது. வெள்ளை அங்கி, கையில் குருத்தோலை, தலைக்கு மேலே கிரீடம் பிடித்த வானதூதர். முகம் மட்டும் தாத்ரஸின் முகம்.

தாத்ரஸும் மச்சானும் சேர்ந்து லிபியாவுக்குப் போனவர்கள். இரண்டு பேரும் சுவர் பூசுகிறவர்கள். போன கோடையில் வேலை முடிந்து வரும் வழியில் துப்பாக்கிக்காரர்கள் வண்டியை மறித்து, மதம் கேட்டு, ஒருவனைச் சுட்டுவிட்டு ஒருவனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று கூட இருந்த கூலிக்காரன் ஒருவன் ஃபோனில் சொன்னான். அவ்வளவுதான் அவன் சொன்னது. பிறகு தாத்ரஸின் சவப்பெட்டி வந்தது. பெட்டி வருவதற்குள் ஊரில் கதை முழுசாகியிருந்தது. கிறிஸ்துவை மறுதலிக்கச் சொன்னார்கள், அவன் மறுத்தான், மண்டியிட்டு ஆண்டவர் பெயரைச் சொல்லிக்கொண்டே செத்தான். விசுவாசத்துக்காக உயிர்விட்ட வேதசாட்சி என்று மறைமாவட்டத்து ஆயரே வந்து அடக்கம் செய்தார். எங்கள் பாதிரியார் அபூனா மக்கார் பூசையில் புனிதர்களின் பெயர்களை வாசிக்கும்போது கடைசியில் அவன் பெயரையும் சேர்த்துக்கொண்டார். பிள்ளையில்லாத ஒருத்தி அந்தப் படத்தின் முன்னால் எண்ணெய் விளக்கு ஏற்றிக் கருத்தரித்தாள் என்று பேச்சு. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பாதிப் பேரை ஏற்றி வந்தது நான்தான்.

தோளிலிருந்து இறக்கி அந்தப் படத்தின் முன்னால் மச்சானை நிறுத்தினார்கள். "முத்தம் குடு பக்கூம், உன் சிநேகிதனுக்கு முத்தம் குடு" என்று தாத்ரஸின் அண்ணன் ஸாகிர் அழுதுகொண்டே சொன்னான். மச்சான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் துக்கம் தாங்கவில்லை என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கொஞ்ச நாள் வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். அக்கா டீ போட்டு மாளவில்லை. எல்லோருக்கும் ஒரே கேள்வி.

"தாத்ரஸ் கடைசியா என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல."

"பயந்தானா?"

"எல்லாரும்தான் பயந்தோம்."

"உன்னை ஏன் விட்டாங்க?"

"அவங்களுக்கு ஒரு பெரிய மதில் சுவர் பூச வேண்டியிருந்துச்சு. பூசச் சொன்னாங்க. பூசி முடிச்சதும் ரோட்டுல தள்ளிட்டுப் போயிட்டாங்க. ஒட்டகம் மேய்க்கிற கிழவர் ஒருத்தர் தண்ணி குடுத்துக் காப்பாத்தினார்."

மதில் சுவர் விஷயம் உண்மைதான். ஆனால் இதை யார் நம்புவார்கள்? ஒருவன் கிறிஸ்தவன் என்பதால் சாகிறான், பக்கத்தில் நின்ற இன்னொரு கிறிஸ்தவனைச் சுவர் பூசக் கூட்டிப்போகிறார்களாம். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு எழுந்து போனார்கள். போனவர்கள் திரும்ப வரவில்லை. டீக்கடையில் ஒரு நாள் ஸாகிர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: "என் தம்பி தலையைக் குடுத்தான். இவரு நாக்கைக் குடுத்துட்டு வந்திருக்காரு."

சிரிப்பு எழுந்தது. மச்சான் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார். வெளியே வந்ததும், "மச்சான், ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லக் கூடாதா? நீங்க மறுதலிக்கலன்னு சொல்லுங்களேன்" என்றேன்.

"நான் மறுதலிக்கல."

"அதை அங்க சொல்லுங்க!"

"என்னை யாரும் கேக்கவே இல்லையே ஃபஹீம்" என்றார். அது எனக்கு அப்போது புரியவில்லை.

கோயிலில் அவர் பக்கத்தில் யாரும் நிற்பதில்லை என்று ஆயிற்று. பூசு வேலைக்குக் கூப்பிடுவதில்லை. பூசை முடிந்து ஆசீர்வதித்த ரொட்டித் துண்டைக் கொடுக்கும்போது பிள்ளைகள்கூட அவர் கையைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் கிசுகிசுத்தார்கள். அவர் வலது மணிக்கட்டில் எங்கள் எல்லோரையும் போலப் பச்சை குத்திய சிலுவை இருந்தது. மறுதலித்தவனுக்கு இது எதற்கு என்று அவர்களுக்கு வீட்டில் சொல்லியிருப்பார்கள்.

குளிர்காலம் தாண்டி பெரிய நோன்பு தொடங்கிய சமயம் அவர் அபூனாவிடம் பாவங்களை ரகசியமாக அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். அங்கே என்ன பேசினார்கள் என்பதை வெகுநாள் கழித்து அவரே என்னிடம் சொன்னார். அபூனா மக்கார் நல்ல மனிதர். அரசாங்க அனுமதிக்காக அலைந்து அலைந்தே கோயில் கூரையைப் போட்டவர். கல்யாணச் சண்டையிலிருந்து கரும்புத் தண்ணீர்ச் சண்டை வரை எல்லாவற்றையும் தீர்த்துவைப்பவர். மச்சான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "நம்புறேன் மகனே" என்றாராம்.

"அப்ப அந்தப் படத்தை இறக்குங்க அபூனா."

"நீ இங்க சொன்னதை வச்சு நான் ஒரு ஆணியைக்கூடப் பிடுங்க முடியாது. அது உனக்குத் தெரியும்."

"பீடத்துக்குப் பக்கத்துல ஒரு பொய் தொங்குது. அதுக்குத் தூபம் காட்டுறீங்க."

அபூனா தாடியைத் தடவினாராம். "அந்தப் படத்துக்கு முன்னாடி நின்னுட்டு வெளிய போறவங்களைப் பாத்திருக்கியா? நிமிர்ந்து நடக்கறாங்க. நம்ம ஆளுங்க இந்த ஊர்ல நிமிர்ந்து நடந்து நான் பாத்ததில்ல."

"ஆண்டவர் நானே சத்தியம்னாரு. நானே நிம்மதின்னு சொல்லலியே."

"தெரியும். நீ எனக்குச் சொல்லித் தரவேண்டாம். நீ அவனை மன்னிச்சியா, அதைச் சொல்லு."

மச்சான் எழுந்து வந்துவிட்டாராம்.

அந்த நோன்பிலேயே மச்சானின் மகள் யூஸ்தீனாவின் நிச்சயம் முறிந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் காலையில் வந்தார். போட்ட மோதிரத்தைத் திருப்பிக் கேட்டார். காரணம் எதுவும் சொல்லவில்லை. "கடவுள் உங்களுக்கு வேற நல்ல இடம் காட்டுவாரு" என்று மட்டும் சொன்னார். யூஸ்தீனா மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்றிக் கொடுத்தாள். அழவில்லை. உள்ளே போய், வீட்டிலிருந்த பாத்திரங்களை எல்லாம் எடுத்துப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள்.

அன்றைக்கு மத்தியானம்தான் ஷஃபீகா பெரியம்மா வந்தாள். தாத்ரஸின் அம்மா. மச்சான் திரும்பி வந்த நாளிலிருந்து அவள் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. யாரோடும் சேர்ந்து ஏசவும் இல்லை. சந்தையிலிருந்து வருகிறேன், என்னை பக்கூம் வீட்டில் இறக்கிவிடு என்று என் ஆட்டோவில் ஏறினாள். ஸாகிருக்குத் தெரிந்தால் என்னைக் கொன்றுவிடுவான் என்றேன். "நான் பெத்தவன்தானே, கொன்னா என்கிட்ட வந்து சொல்லு" என்றாள்.

அக்கா பதறி நாற்காலி போட்டாள். பெரியம்மா தரையில்தான் உட்கார்ந்தாள். நோன்பு என்பதால் அக்கா அவித்த மொச்சையில் எண்ணெய் விட்டுக் கொண்டுவந்து வைத்தாள். அவள் தொடவில்லை.

"பக்கூம், ஊர்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. என் மகன் சங்கீதம் பாடினான்றான் ஒருத்தன். அம்மான்னு கூப்பிட்டான்றான் ஒருத்தன். எல்லாம் வேலைக்குப் போகாம இங்கயே கிடந்த பயலுக. பக்கத்துல இருந்தவன் நீ ஒருத்தன்தான். அவன் கடைசியா என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல பெரியம்மா."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

மச்சான் பார்க்கவில்லை. அக்கா கதவோரம் நின்று வேண்டாம் வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சிக்கொண்டிருந்தாள். உள்ளே யூஸ்தீனா பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது. அந்தச் சத்தம் இல்லாமல் இருந்திருந்தால் அவர் சொல்லியிருக்க மாட்டார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

"சொன்னான்" என்றார் மச்சான். "இதுல கிறிஸ்தவன் எவன்னு கேட்டாங்க. யாரும் வாயைத் திறக்கல. உங்க மகன்தான் முதல்ல எழுந்தான். நான் முஸ்லிம்னு சொல்லி, அவங்க தொழுகைக்குச் சொல்ற வார்த்தையெல்லாம் தப்பில்லாம சொன்னான். அப்புறம் அவங்க கேக்காமலே என்னைக் கை காட்டி, 'இவன்தான் கிறிஸ்தவன்'னான். அதுதான் அவன் கடைசியாச் சொன்னது."

பெரியம்மா மொச்சைத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"என்னை இறக்கிக் கையைத் திருப்பிப் பாத்தாங்க. சிலுவை இருந்துச்சு. என்னை ஒண்ணும் கேக்கல. அப்புறம் அவன் சட்டைப் பையில கையை விட்டு அடையாள அட்டையை எடுத்தாங்க. அதுல கிறிஸ்தவன்னு போட்டிருந்துச்சு. எங்ககிட்டயே பொய் சொல்றியான்னு சொல்லிச் சுட்டாங்க. பொய் சொன்னதுக்காகத்தான் சுட்டாங்க பெரியம்மா. கிறிஸ்துவுக்காக இல்ல."

"அவன் கையில சிலுவை இல்லையா?" என்று நான்தான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

பெரியம்மாவே பதில் சொன்னாள். "இல்ல. போறதுக்கு முன்னாடியே மணிக்கட்டு வெந்து போயிருந்துச்சு. சுண்ணாம்பு பட்டுடுச்சும்மான்னான். நான் எண்ணெய் தடவி விட்டேன்." தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். "அவ்வளவு நேரா, அந்த ஒரு இடத்துல மட்டும் சுண்ணாம்பு எப்படிப் படும்னு அன்னைக்கே தோணுச்சு. கேக்கல."

மச்சான் அழத் தொடங்கியிருந்தார். "நான் ஒண்ணும் பெரிய ஆள் இல்ல பெரியம்மா. கால் சட்டையிலேயே ஒண்ணுக்குப் போயிட்டேன். என் கையில சிலுவை இல்லாம இருந்திருந்தா நானும் அதையே சொல்லியிருப்பேன். ஆனா அவனைக் கை காட்டியிருக்க மாட்டேன். அதை மட்டும் செஞ்சிருக்க மாட்டேன்."

அவள் அவரைத் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நானும் அக்காவும் காத்திருந்தோம். அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். பிறகு ரொம்ப மெதுவாக, அப்போதுதான் ஞாபகம் வந்தது போலச் சொன்னாள்:

"அப்ப இத்தனை மாசமா அவனுக்காக யாருமே ஜெபிக்கலியே."

எங்களுக்குப் புரியவில்லை.

"செத்தவங்க எல்லாருக்கும் கோயில்ல இரக்கம் கேக்குறோம். ஆடு திருடினவனுக்குக்கூடக் கேக்குறோம். என் மகனுக்கு யாரு கேட்டா? எல்லாரும் அவன்கிட்ட இல்ல கேக்குறாங்க? எனக்குப் புள்ளையக் குடு, என் கால்வலியத் தீருன்னு. நானே கேட்டேனே, ஸாகிர் பொண்டாட்டிக்குச் சுகப்பிரசவம் ஆகணும்னு. அவன் அங்க எந்த இருட்டுல கிடந்து தண்ணி கேக்குறானோ, நாங்க இங்க இருந்து அவன்கிட்ட வரம் கேட்டுக்கிட்டு இருக்கோம்."

அப்புறம்தான் அவள் அழுதாள். அழுது முடித்துவிட்டு மச்சான் கையைப் பிடித்துக்கொண்டாள். "வா பக்கூம். நீ என்கூடச் சேர்ந்து ஒரே ஒரு தடவை சொல்லு. ஆண்டவரே, தாத்ரஸ்மேல இரக்கமாயிரும். நான் சொன்னா அம்மா சொல்றா. நீ சொன்னாத்தான் அங்க கேக்கும். அவன் குத்தம் பண்ணினது உனக்குத்தான்."

மச்சான் மண்டியிட்டார். பெரியம்மா சொன்னாள். அவர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை அவள் சொன்னாள். அவர் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். "முடியல பெரியம்மா. நான் இப்பச் சொன்னதே உண்மைக்காகச் சொன்னேனா, என் மகளோட மோதிரத்துக்காகச் சொன்னேனான்னு எனக்கே தெரியல."

அவள் எழுந்து முக்காட்டைச் சரிசெய்தாள். "சரி. வரும்போது சொல்லு" என்று போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு பூசையில் அபூனா புனிதர்களின் பெயர்களை வாசித்துக் கடைசிப் பெயருக்கு வரும்போது பெண்கள் பக்கத்திலிருந்து அவள் குரல் வந்தது. நடுங்காத குரல்.

"அபூனா, அந்தப் பேரை அங்க வாசிக்காதீங்க. இறந்தவங்களோட சேர்த்து வாசிங்க. என் மகன் வேதசாட்சி இல்ல. பாவி. அவனுக்கு இரக்கம் கேளுங்க."

பாடகர்களின் தாளம் நின்றுபோனது. அபூனாவின் கையில் தூபக்கலசம் அப்படியே தொங்கியது. அவர் மச்சானைப் பார்த்தார். மச்சான் தரையைப் பார்த்தார். அந்த ஒரு கணத்தில் அபூனா ஆமாம் என்று தலையசைத்திருந்தால் எல்லாம் வேறு மாதிரி ஆகியிருக்குமோ என்னவோ. அவரால் முடியாது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைத் தலையசைப்பில்கூட வெளியே காட்டக் கூடாது. அவர் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த ஜெபத்துக்குப் போனார். ஸாகிர் ஆண்கள் பக்கத்திலிருந்து குறுக்கே ஓடிப்போய் அம்மாவைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனான். "அம்மாவுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு. யாரும் காதுல போட்டுக்காதீங்க" என்று வாசலில் நின்று கத்தினான்.

பெரியம்மா யார் வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள் என்பது ஊருக்குத் தெரிய அதிக நேரம் ஆகவில்லை. பூசை விட்ட கையோடு ஸாகிரும் அவன் பங்காளிகளும் மச்சான் வீட்டுக் கதவை உடைத்தார்கள். நான் குறுக்கே போனேன். என் தோள்பட்டை அன்றைக்கு இறங்கியது இன்னும் சரியாகவில்லை. மச்சான் கையைத் தூக்கவேயில்லை. அவர்கள் அடித்தது மச்சானைவிட வீட்டைத்தான் அதிகம். யூஸ்தீனாவின் கல்யாணத்துக்கென்று வாங்கிவைத்த கண்ணாடி அலமாரி, பீங்கான் தட்டு, ஒன்றும் மிஞ்சவில்லை. அக்கா தெருவில் நின்று கத்திய கத்தலுக்கு முஸ்லிம் வீடுகளிலிருந்தெல்லாம் ஓடிவந்தார்கள். எங்கள் ஆட்களே எங்கள் ஆளை அடிப்பதைப் பார்த்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். அதுதான் அபூனாவுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய அவமானமாகிவிட்டது.

சாயங்காலம் அவர் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். உடைந்த கதவை ஒருவர் தூக்கிப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் உள்ளே வந்தார்கள். பேசியதெல்லாம் பெரியவர்கள்தான்.

"பக்கூம், ஸாகிர் சாமானுக்கெல்லாம் ஈடு குடுத்துடுவான். உன் கையைப் பிடிச்சு மன்னிப்பும் கேட்டுடுவான். மாப்பிள்ளை வீட்டுல நாங்க பேசறோம், மோதிரம் திரும்பி வரும். நீ பண்ண வேண்டியது ஒண்ணே ஒண்ணு. கோயில்ல படத்துக்கு முன்னாடி நின்னு, அந்தம்மாகிட்ட நான் சொன்னது பொய்யின்னு சொல்லிடு."

"உண்மையாச்சே."

"யாருக்கு இப்ப அது தேவை? சொல்லலேன்னா இந்த ஊர்ல நீ எப்படி இருப்பே? உன் பொண்ணு எப்படி இருப்பா? நாளைக்கு வெளியாளுங்க உங்க வேதசாட்சியே பொய்யாமேன்னு சிரிப்பாங்க. உன் ஒரு நாக்கால எல்லாருக்கும் தலைகுனிவு."

மச்சான் அபூனாவைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க அபூனா. சொல்லட்டுமா?"

அபூனா மக்கார் அழுதுகொண்டிருந்தார். தாடியெல்லாம் ஈரம். 

பெரிய வெள்ளிக்கு முந்திய வாரம் மச்சான் கோயிலில் எழுந்து நின்றார். கிரீடம் வைத்த தாத்ரஸின் பக்கத்தில் நின்று, "நான் சொன்னது பொய்" என்றார். சத்தம் போதவில்லை என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னார். குலவை எழுந்தது. ஸாகிர் அவரைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தான். பெண்கள் பக்கத்தில் ஷஃபீகா பெரியம்மா சொந்தக்காரப் பெண்கள் இரண்டு பேருக்கு நடுவில் நின்றிருந்தாள். அவள் கோபமாகப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. சந்தையில் வழி தவறியவள் தெரிந்த முகம் தேடுவது போலப் பார்த்தாள். பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது. அப்படித்தான் சொல்ல வேண்டும். ஸாகிர் புது அலமாரி வாங்கிக் கொடுத்தான். உயிர்ப்புப் பண்டிகை முடிந்து யூஸ்தீனாவுக்கு அதே மாப்பிள்ளையோடு கல்யாணம் நடந்தது. என் ஆட்டோவைக் காகிதப் பூவால் சோடித்திருந்தார்கள். மச்சானைப் பூசு வேலைக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். டீக்கடையில் அவருக்கு இடம்விட்டு உட்கார்ந்தார்கள். பாவம், பயத்தில் ஏதோ பண்ணிவிட்டான், ஒப்புக்கொண்டானே, அதுவே பெரிசு என்று அவர்மேல் இரக்கப்பட்டார்கள்.

ஷஃபீகா பெரியம்மாவைத்தான் வெளியே விடவில்லை. கோயிலுக்குப் போனால் ஏதாவது பேசிவிடுவாள் என்று ஸாகிர் பயந்தான். வருகிறவர்கள் வேதசாட்சியின் தாயிடம் ஆசி வாங்க வேண்டும் என்று கேட்டால், உடம்பு சரியில்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். ஒரு தடவை அபூனா போய்ப் பார்த்தார். தாத்ரஸ் பேரை மனதுக்குள் இறந்தவர்களோடும் சேர்த்துக்கொள்கிறேன் என்றாராம். "மனசுக்குள்ள நானே சொல்லிக்குவேன். அதுக்கு அபூனா எதுக்கு?" என்று கேட்டாளாம்.

கரும்புக்கு இரண்டாம் தண்ணீர் விடுகிற வெயில் காலத்தில் அவள் படுத்துவிட்டாள். சாப்பாடு இறங்கவில்லை. ஸாகிரின் மனைவி என்னைக் கூப்பிட்டு, ஸாகிர் வயலுக்குப் போன நேரமாகப் பார்த்து, பக்கூமைக் கூட்டிவரச் சொன்னாள். நான் போய்ச் சொன்னேன். மச்சான் சாந்து குழைத்துக்கொண்டிருந்தார். கையைக் கழுவினார். சட்டை மாற்றினார். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார். பெரியம்மா வீட்டுத் தெருமுனையில், "நிறுத்து" என்றார்.

"இறங்குங்க மச்சான், ஆள் யாரும் இல்ல."

"அவ அதைத்தான் கேப்பா. அந்த ஒரு ஜெபத்தை."

"சொல்லிட்டுப் போங்களேன். சாகப் போறவ. வாயால சொன்னாப் போதும்."

"கோயில்லயும் அப்படித்தான் வாயால சொன்னேன்" என்றார். "அவகிட்டயும் என்னால அப்படிச் சொல்ல முடியாது ஃபஹீம். அவ ஒருத்தி மூஞ்சியப் பாத்துதான் நான் இதுவரைக்கும் பொய் சொல்லல."

தெருமுனையிலேயே உட்கார்ந்திருந்தோம். பிறகு வண்டியைத் திருப்பச் சொன்னார். அந்த வாரமே அவள் போய்விட்டாள். வேதசாட்சியின் தாய் என்பதால் ஆயர் வந்தார், ஊர் கொள்ளாத கூட்டம். அபூனா ஜெபம் சொல்லும்போது அவளுக்கு இரக்கம் கேட்டார். அவள் மகனைப் பற்றிச் சொல்லும்போது, அங்கே அவளை வரவேற்க அவன் காத்திருப்பான் என்றார்.

அன்றிலிருந்து மச்சான் பூசையில் நற்கருணை அப்பம் வாங்குவதில்லை. பூசைக்கு வருவார். எல்லோரும் வரிசையில் நகர ஆரம்பித்ததும் வெளியே வந்து என் ஆட்டோவின் பின் இருக்கையில் உட்கார்ந்துகொள்வார். நானும் சில நாள் அவரோடு உட்காருவதுண்டு. ஒரு நாள் கேட்டேன், அபூனாவிடம் போய்ச் சொன்னதெல்லாம் சொல்லிப் பாவமன்னிப்பு வாங்கிக்கொண்டால் என்ன என்று.

"வாங்கலாம்" என்றார். "பொய் சொன்னதுக்கு மன்னிப்பு கேக்கணும்னா முதல்ல அந்தப் பொய்யைத் திருப்பி எடுத்துக்கணும். எடுத்தா யூஸ்தீனாவை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அவ இப்ப மாசமா இருக்கா."

உள்ளே பாடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து ஊரிலிருந்து வந்த ஒரு குடும்பம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தாத்ரஸின் படம் எந்தப் பக்கம் என்று எங்களிடம் கேட்டது. மச்சான் எழுந்து நின்று மரியாதையாக வழி சொன்னார். "உள்ள போய் வலது பக்கம். கடைசி." அவர்கள் கடவுள் உங்களை ஆசீர்வதிக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் திரும்ப உட்கார்ந்தார்.